இடது உள்ளங்கை

ஐஸ் ஆலைக்குள் இருந்தவர்கள்: துறைமுகத்தைப் பிடித்து வைத்திருக்கும் படையின் அதிகாரி ஒருவர். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு பொலிஸ்காரன். ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் மனுவேற்பிள்ளை. பதினொரு உடல்கள். அவள்.

உடல்கள் மீன் வைக்கும் பலகைகளில் கிடந்தன. மேலே சாக்கு. கால்கள் மட்டும் வெளியே.

காலை ஒன்பது மணி. சண்டை ஐந்தரைக்கே முடிந்துவிட்டது.

விடியலில் ஆறு படகுகள் துறைமுகத்தைத் தாக்க வந்தன. உள்ளே நுழையவில்லை. கரைக்கு நானூறு மீற்றர் இருக்கும்போதே கடலடிப் பாறைத் திட்டான கற்பாரில் ஏறிச் சிக்கிக்கொண்டன. கரையிலிருந்து சுட்டவர்களுக்கு அதிக வேலை இருக்கவில்லை.

வீட்டில் படுத்தபடி அவள் அதைக் கேட்டாள். வெடிச்சத்தம் பாரின் பக்கமிருந்து வந்தது. முதல் படகை யார் ஓட்டியது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மாதா கோயில் கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துத்தான் இந்த ஊரார் பாரில் முட்டாமல் படகை உள்ளே கொண்டுவருவார்கள். கோபுரத்தைப் படை போன வருடம் தகர்த்தது. பக்கத்துக் காணியில் அதே உயரத்துக்குக் காவற்கோபுரம் கட்டியது.

ஊரில் இருந்தவர்களுக்கு அது தெரியும். ஆறு வருடத்துக்கு முன் சண்டைக்குப் போன அவள் புருசனுக்குத் தெரியாது.

அரை வெளிச்சத்தில் அவன் காவற்கோபுரத்தைக் கோயில் கோபுரம் என்று நம்பியிருப்பான். மற்ற ஐந்து படகும் அவனை நம்பின.

"பிடிபட்டவன் எல்லாம் சொல்லிப்போட்டான்," என்றான் பொலிஸ்காரன். "வழி காட்டினது உன்ர மனிசன் அருளப்பு. கடலுக்க குதிச்சிட்டானாம். நாலு படகு தேடுது. இதுக்க கிடந்தாச் சொல்லு, அவங்களும் வந்து தேத்தண்ணி குடிக்கட்டும். ஆனா ஒண்டு. ஆள் உன்ர எண்டா உனக்கும் விசாரணை இருக்கு. இல்லையெண்டா வீட்ட போ."

அவள் வரிசையாக நடந்தாள். மனுவேற்பிள்ளை ஒவ்வொரு சாக்காக முகத்தளவுக்கு விலக்கினார்.

பதினொன்றிலும் அவன் இல்லை.

தூரத்தில், கண்டல் காட்டுப் பக்கம், படகு எஞ்சின்கள் இரைந்தன. அந்தக் காடுவரை நீந்தக்கூடியவன்தான். பொழுதுபடும்வரை தேடினால் அகப்படுவான்.

அவள் ஏழாவது உடலுக்குத் திரும்பி வந்தாள். அதற்கு முகம் இருக்கவில்லை. சாக்குக்குள்ளிருந்து மண்ணெண்ணெய் மணத்தது. படகு எஞ்சினின் கைபிடியைப் பிடித்து ஓட்டிய ஆள்.

"இதுதான்."

அதிகாரி ஏதோ கேட்டார்.

"முகமில்லாததை எப்பிடிக் கண்டனீ எண்டு ஐயா கேக்கிறார். சாக்கை எடுக்க முந்தி ஒரு அடையாளம் சொல்லு. பிழைச்சுதெண்டா பன்ரண்டாவதா நீ படுப்பாய்."

"இடது உள்ளங்கை. பெருவிரலுக்குக் கீழ காய்ச்சுப்போய் கல்லு மாதிரி இருக்கும்."

இந்தக் கரையில் எஞ்சின் பிடிக்கும் எல்லாருக்கும் அது இருக்கும். அதிகாரி கடல் இல்லாத ஊர்க்காரர். பொலிஸ்காரன் பட்டணத்தான்.

மனுவேற்பிள்ளையின் தகப்பன் இருபது வருடம் எஞ்சின் பிடித்தவர்.

அவர் அந்தக் கையை வெளியே எடுத்தார். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். காய்ப்பு இருந்தது.

அருளப்புவுக்கு நாற்பத்திரண்டு வயது. இந்தக் கைக்கு இருபதுகூட இராது.

"ஓம் ஐயா," என்றார். "கிடக்கு."

கையைச் சாக்குக்குள் தள்ளிவிட்டார்.

பொலிஸ்காரன் அவளைக் கூர்ந்து பார்த்தான். "புருசன் எண்டுறாய். கண்ணில ஒரு சொட்டுத் தண்ணியில்லை."

"விட்டிட்டுப் போனவனுக்கு என்னத்துக்கு அழுறது?"

அது ஒன்றுதான் அவள் சொன்னதில் உண்மை.

அதிகாரி கையிலிருந்த வோக்கிடோக்கியில் இரண்டு வார்த்தை பேசினார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின்கள் கரைப் பக்கம் திரும்பின.

மனுவேற்பிள்ளை ஒரு மட்டையில் அருளப்பு என்று எழுதி, அந்தக் கால் பெருவிரலில் கட்டினார். முடிச்சுப் போடக் குனிந்தவர் அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"இந்தப் பொடியனையும் வருவான் எண்டு ஒருத்தி பாத்துக்கொண்டிருப்பாள், பிள்ளை."

"தெரியும்."

விசாரணைக்கு ஆட்களை அடைத்துவைக்கும் சுங்கக் கிட்டங்கி இருபது அடி தள்ளி இருந்தது. பொலிஸ்காரன் அவளை உள்ளே தள்ளக் கையை நீட்டினான். அதற்குள் அவளே போய்விட்டாள்.

அவன் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான். பூட்டினான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.