ஒரே ஒரு ஆட்சேபணை

"அந்த ஆளும் வந்துட்டான்டி!"

நகரமைப்பு அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்த செயலாளர், பக்கத்தில் இருந்த மனைவியை முழங்கையால் இடித்தார். வாசலில் அவர்கள் பக்கத்து வீட்டு சைக்கிள்காரர். கையில் ஒரு பழுப்புக் கவர்.



தெரு நலச் சங்கம் கலைந்து நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவரை எல்லோரும் செயலாளர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலை பார்த்த மில்லை மூடி எட்டு மாதம் ஆன பிறகு, அவருக்கு மிச்சம் இருந்தது அந்தப் பட்டம் ஒன்றுதான்.

இப்போது வீட்டில் அடுப்பு எரிவது மனைவியின் தையல் மிஷினால். ஒரு பள்ளிக்கூடம் அவளுக்கு நானூறு சீருடை தைக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் கடைக்கு லைசென்ஸ் வேண்டுமாம். வீடு இருப்பதோ குடியிருப்புப் பகுதி. முன்னறையைக் கடையாக மாற்றிக்கொள்ள இந்த அலுவலகம் அனுமதி தர வேண்டும். நாளைக்குள் காகிதம் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"தெருவுல யாராவது ஒருத்தர் ஆட்சேபணை சொன்னாலும் போச்சுன்னு அன்னிக்கே சொன்னாங்க" என்றாள் மனைவி. "நேத்து அவர் வீடு வீடா ஏறி கையெழுத்து வாங்கினார். நம்ம வீட்டை மட்டும் தாண்டிப் போனார். ஜன்னல் வழியா நானே பார்த்தேன்."

"பழி வாங்குறான். ஆறு வருஷமா மனசுல வச்சிருந்து பழி வாங்குறான்!"

"வாங்காம? அவர் முன்னறையில சைக்கிள் ரிப்பேர் கடை போட இதே ஆபீஸ்லதானே மனு கொடுத்தார். நீங்கதானே எதிர்த்து எழுதினீங்க?"

"நானா எழுதினேன்? சங்கம் எழுதிச்சு. நான் செயலாளர். கையெழுத்து போட்டேன், அவ்வளவுதான்."

"அன்னியிலேருந்து பாவம், அந்த மனுஷன் பம்பைத் தூக்கிக்கிட்டு சிக்னல் ஓரத்துல வெயில்ல காயறார். போய் ஒரு வார்த்தை பேசுங்களேன். கால்லயா விழச் சொல்றேன்?"

"பேசினா இறங்கிப் போன மாதிரி ஆயிடும்."

"ஆமாம், நாம இப்ப ரொம்ப உயரத்துல இருக்கோம் பாருங்க!"

அதற்குள் பியூன் கூப்பிட்டு விட்டார். இவர்கள் உள்ளே போனார்கள். சைக்கிள்காரரும் பின்னாலேயே வந்தார்.

அதிகாரி அம்மா அந்தத் தெருவின் ஃபைலைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஆட்சேபணை ஒண்ணு இருக்கே."

அவ்வளவுதான். செயலாளர் வெடித்துவிட்டார்.

"தெரியும் மேடம்! இதோ, பின்னாடி நிக்கிறாரே, இவர்தான்! ஒரு குடும்பத்து வயித்துல அடிக்கிறோமேன்னு கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாமா? முன்னறையில நாலு துணி தைச்சா தெரு என்ன கெட்டா போயிடும்? நீங்களே கேளுங்க!"

"ஐயோ, சும்மா இருங்க" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

சைக்கிள்காரர் கவரை மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்தப் பழுப்புக் கவரில் அவருடைய கிரீஸ் விரல் பதிந்திருந்தது.

அதிகாரி பிரித்துப் படித்தார்.

"என்ன சார் இப்படிக் கத்தறீங்க? இவர் கொண்டு வந்திருக்கிறது சம்மதக் கடிதம். தையல் கடை வர்றதுல எங்களுக்கு முழு சம்மதம்னு தெருவுல மத்த பதினஞ்சு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. முதல் கையெழுத்தே இவரோடதுதான்."



"அப்போ, ஆட்சேபணை யாரோடது மேடம்?" மனைவிதான் கேட்டாள்.

அதிகாரி ஃபைலின் அடியிலிருந்து பழைய காகிதம் ஒன்றை உருவினார்.

"ஆறு வருஷத்துக்கு முந்தினது. 'எங்கள் தெருவில் எந்த வீட்டிலும், எக்காலத்திலும், எந்தக் கடைக்கும் அனுமதி தரக்கூடாது.' யாரோ சங்கத்துச் செயலாளராம். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, பேர் புரியல. எக்காலத்திலும்னு எழுதி வச்சிருக்காரே புண்ணியவான்! அவரே வந்து வாபஸ்னு எழுதிக் கொடுத்தாத்தான் நான் அனுமதி தர முடியும். ஆள் இன்னும் உங்க தெருவுலதான் இருக்காரா? கேட்டா எழுதிக் கொடுப்பாரா?"

மனைவி கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

சைக்கிள்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, செயலாளர் முன்னால் நீட்டினார்.

"அன்னிக்கு நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன் மேடம், அவர் மனசு இரங்கல. இன்னிக்குக் கண்டிப்பா இரங்குவார்."