குகனேஸ்வரி வைத்த நேர்த்தி

“பிள்ளையாரப்பா, இண்டைக்கு அது உடைஞ்சு சுக்குநூறாப் போகோணும். போனால் உனக்கு ஒரு தேங்காய்.”

குகனேஸ்வரி சத்தம் வெளியே வராமல் கேட்டாள். அடுத்த அறையில் மகன் விதுரன் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தான். விக்கினம் தீர்க்கிற சாமியிடம் போய், ஒரு விக்கினம் வை என்று கேட்கிற ஆளைப் பிள்ளையாரும் அன்றுதான் பார்த்திருப்பார்.

உடைய வேண்டும் என்று அவள் கேட்டது பகையாளியின் பொருளை அல்ல, பெற்ற மகன் செய்த பொருளை. காஸ் டர்பைன் எஞ்சினுக்குள் சுழல்கிற தட்டு அது. எஞ்சினின் விசிறி இதழ்கள் எல்லாம் அதன் விளிம்பில்தான் கொழுவியிருக்கும். பலம் குறையாமல் எடையை மட்டும் குறைத்துக் காட்டுகிறேன் என்று, இத்தாலியின் தெற்கே பலேர்மோவின் ஆய்வுகூடம் ஒன்றில் விதுரன் இத்தனை காலமும் அதனோடு மல்லுக்கட்டினான்.

இன்றைக்குச் சோதனை. சரிவந்தால் வடக்கே தோரினோவில் வேலை. சரிவராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து, இங்கேயே.

அவன் போய்விட்டால் அல்பெர்கேரியாச் சந்துக்குள் இருக்கிற அந்த வீட்டில் அவள் தனிக்கட்டை. புருசன் போய்ச் சேர்ந்து கனகாலம். பகல் முழுக்க இத்தாலியக்காரி சிஞ்ஞோராவின் வீட்டில் கூட்டித் துடைக்கும்போது அவள் வாயிலிருந்து வருவது “சி, சிஞ்ஞோரா” என்கிற ‘ஓம், அம்மணி’ மட்டும்தான். வாய் நிறையத் தமிழ் பேசுவது சாப்பாட்டு நேரத்தில், இவனோடுதான்.

அவனும் தட்டைப் பற்றித்தான் பேசுவான். எந்த வேகத்தில் சுழலும், எவ்வளவு சூடு தாங்கும் என்று. அவளுக்குப் பாதி விளங்காது. ஆனாலும் கை காய்ந்த பிறகும் எழும்பாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்துத் தெரு ஞானாம்பிகையின் மகனும் இப்படித்தான் வடக்கே போனான். இப்போது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு போன் மட்டும் வருகிறது.

“எனக்காகத்தானேயம்மா கும்பிடுறியள்?” விதுரன் வந்து பக்கத்தில் நின்றான்.

“ஓம் ராசா. வேறை ஆருக்கு?” பொய்யைச் சொல்லிவிட்டு அவன் நெற்றியில் திருநீற்றைப் பூசினாள். கை கூசியது. அதை மறைக்க ஏதோ கேட்டாள். “இண்டைக்குச் சோதிச்சுப் போட்டு, பிறகு அதை எஞ்சினிலை பூட்டுவினமோ?”

“இல்லையம்மா, இந்தத் தட்டு எஞ்சினுக்குப் போகாது. இண்டையோடை அதின்ரை வேலை முடிஞ்சுது.” குனிந்து சப்பாத்தைக் கட்டினான். “குழிக்குள்ளை இறக்கி, மூடிப்போட்டுச் சுத்துவம். முடிஞ்ச உடனை போன் எடுக்கிறன்.”

அன்று சிஞ்ஞோராவின் வீட்டில் அவள் துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பெற்ற தாய் கேட்கிற வரமா இது என்று தன்னையே ஏசினாள். ஏசி முடிந்ததும் மறுபடியும் அதையே கேட்டாள்.

பின்னேரம் வியா மக்வேதாத் தெருவால் நடந்து வரும்போது போன் அடித்தது.

“அம்மா, உடைஞ்சிட்டுது. வீட்டை வாறன்.” அவன் குரல் தழுதழுத்தது. பின்னால் ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் போட்டு ஏசுகிறார்கள் என்று நினைத்தாள்.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கூடவே அழுகையும் வந்தது. சந்தைக்குள் நுழைந்து தேங்காய் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், வீட்டு முற்றத்துக் கல்லில் ஓங்கி அடித்தாள். கீழ்வீட்டுக்காரி யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

சிதறியதைப் பொறுக்கி முடிப்பதற்குள் விதுரன் வந்துவிட்டான். கண்கள் சிவந்திருந்தன. சில்லுகளை அவசரமாகப் பைக்குள் போட்டு மறைத்துவிட்டு, அவனை அணைத்து முதுகைத் தடவினாள்.

“கவலைப்படாதை ராசா. உடைஞ்சது உடைஞ்சு போச்சு. தோரினோ இல்லாட்டி என்ன? இஞ்சை நான் இருக்கிறன், சமைச்சுப் போடுறன். ஆறுதலா இன்னொண்டு செய்.”

விதுரன் விளங்காமல் அவளைப் பார்த்தான். கல்லில் ஈரத்தையும் பைக்குள் தேங்காயையும் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. ஒரு சில்லை எடுத்துக் கடித்தான்.

“அதுக்குள்ளை தேங்காயும் உடைச்சாச்சு, பிறகேன் கவலைப்படாதை எண்டுறியள்? எந்த வேகத்திலை உடையுதெண்டு பாக்கத்தானேயம்மா, உடையும்வரைக்கும் சுத்தினது! நாங்கள் கணக்குப் பாத்த வேகத்திலையே உடைஞ்சுது. அங்கை எல்லாரும் கை தட்டினவை, எனக்குச் சந்தோசத்திலை அழுகையே வந்திட்டுது. திங்கட்கிழமை தோரினோவுக்கு வரட்டாம்.”

அவள் கை அவன் முதுகிலேயே நின்றுவிட்டது. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

“அப்ப... அது உடையாமல் விட்டிருந்தால்?”

“உடையாட்டி நான் இஞ்சைதானேயம்மா நிண்டிருப்பன்.”