பச்சைக் கட்டம்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் கிடத்தியிருக்கிறது. அரிமளம் போகிற சாலையில் உள்ள சிறிய அரசு ஆஸ்பத்திரியில், எழுத்தர் சேரன் கணினி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். போனில் மேலதிகாரியின் குரல்: "மார்க் எம்பதுக்குக் கீழ வந்தா பிரசவ வார்டை மூடச் சொல்றாங்க சேரன். எதையாச்சும் கொறைச்சுப் பாருங்க." திரையில் திறன் மதிப்பீட்டுத் தாள். உள்ளீடு: செவிலியர் மூன்று, படுக்கை ஆறு. வெளியீடு: பிரசவம், புறநோயாளி. புதிதாக ஒரு வரி சேர்க்க முடியாதபடி பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் நர்ஸ் பிளெஸ்ஸி ஒரு கர்ப்பிணியின் பயத்தை அரை மணி நேரமாகப் பேசிப் பேசியே கரைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த அரை மணி நேரத்துக்குத் தாளில் இடமில்லை. மதிப்பெண் எழுபத்து நான்கு, சிவப்பு. படுக்கையைக் குறைத்துப் பார்த்தாயிற்று, எண் அசையவில்லை. செவிலியர் மூன்றை அழித்து இரண்டு என்று அடிக்கிறான். நூறு. கட்டம் பச்சையாகிறது. இரண்டு என்றால் ஒருவர் வேலையை விட்டுப் போக வேண்டும்; மூவரில் கடைசியாக வேலைக்கு வந்தவள் பிளெஸ்ஸி. கை கழுவிய ஈரத்தோடு அவளே வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறாள். "சேரண்ணே, பச்சை வந்துருச்சே! நாம தப்பிச்சிட்டோம்ல?"