மூச்சைப் பிடிங்க

எக்ஸ்ரே அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கிற என் மனைவி. மூன்று வாரமாக இருமுகிறாள். "இருமல்தானே, தானா போயிடும்" என்று மூன்று வாரமும் சொன்ன புண்ணியவான் நான்தான். இன்று காலை அவள் எனக்கு ஒரு பட்டம் கொடுத்தாள்: விட்டேற்றி. வீடு பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் புழுக்கமா இருக்குல்ல" என்று கேட்கிற ஆளுக்கு அதுதான் பெயராம். இருபது வருடமாக ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடிக்கிறவன் நான்; பட்டம் பொருத்தம்தான். கழற்றி வைத்த அவளுடைய சங்கிலி என் மேசையில் சுருண்டு கிடக்கிறது. "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க" என்கிறேன், எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில், கட்டிய மனைவிக்கும் மரியாதையோடு. பொத்தானை அழுத்துகிறேன். திரையில் விலா எலும்புகள் எழுகின்றன. வலது பக்கம் அந்த வெள்ளை என்ன, சளியா, நிழலா, என் கண்ணில் நிற்கிற தண்ணீரா? சட்டைக் கையால் துடைக்கிறேன், துடைத்தது திரையை. கண்ணாடியில் தட்டும் சத்தம். கன்னம் உப்பி, முகம் சிவந்து நிற்கிறாள். பதறிக் கதவைத் திறக்கிறேன். "ஏங்க, மூச்சை விடச் சொல்லவே இல்லையே!" என்று இருமிக்கொண்டே சிரிக்கிறாள். இருபது வருடத்தில் அதைச் சொல்ல நான் மறந்ததே இல்லை. அவள் சிரிப்பு என் முகத்தைப் பார்த்ததும் நிற்கிறது. "என்ன தெரியுது?" "தெரியலை." "காலையில சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். எப்பவும் போல, தானா போயிடும்னு சொல்லுங்களேன்." வாயைத் திறக்கிறேன். அந்த விட்டேற்றிக் குரல் வரமாட்டேன் என்கிறது.