புதுச் சட்டம் சொல்ல வந்தவர்

“கடையில மொத்தம் எத்தனை பேர் வேலை பாக்கறீங்க?”

“நான் ஒருத்தன்தான் மேடம்,” என்றான் லீவன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

ஹில்டே என்ற அந்த அம்மாள் வாசலில் நின்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் அவன் பின்கட்டிலிருந்து வெளியே வந்திருந்தான். புதுத் தொழிலாளர் சட்டம் பற்றிப் பேச வந்திருப்பதாக அவர் சொன்னதுமே சோதனைக்கு வந்த அதிகாரி என்றே அவனுக்குப் பட்டது. அவர் கழுத்தில் அடையாள அட்டை வேறு தொங்கியது. போன வாரம்தான் பக்கத்துத் தெரு ரொட்டிக்கடையில், அரசிடம் பதியாமல் வேலைக்கு வைத்த ஒரே ஓர் ஆளுக்காக அதிகாரிகள் கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். பெல்ஜியத்தின் கடற்கரை ஊரான ஆஸ்டெண்டில் அப்பா காலத்திலிருந்து நடக்கும் மீன்கடை இது. இதுவும் போனால் லீவனுக்குப் பிழைக்க வேறு வழி கிடையாது.

“புத்தாண்டு வியாபாரம் ஆச்சே. ஒண்டியா எப்படி சமாளிக்கறீங்க?”

“பழகிப்போச்சு. கையெழுத்து எங்க போடணும்னு சொல்லுங்க, போட்டுடறேன். நீங்க கெளம்பலாம்.”

“எனக்கு அவசரமே இல்ல. மழை விடட்டும்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலை நேரம், ஓய்வு நேரம், விடுமுறை என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார். சிலருக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது. நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் கேட்கிறவன் பாடு திண்டாட்டம்.

இறால் வாங்க வந்த கிழவி லீவனை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னப்பா மூஞ்சி இது? நீ விக்கிற மீனே தேவலை போலிருக்கு.”

அவன் சிரிக்கவில்லை. சில்லறையை எண்ணாமலே அவள் கையில் திணித்தான்.

“மேடம், பின்னாடி கொஞ்சம் வேலை இருக்கு. இதோ வந்துடறேன்.”

“வாங்க, நானும் வரேன். பின்கட்டையும் பாத்தாத்தானே சரியா சொல்ல முடியும்.”

கிளம்பியவன் அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “பெரிய வேலை ஒண்ணும் இல்ல. அப்புறம் பாத்துக்கறேன்.”

ஹில்டேவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஒத்தாசைக்கு ஆளில்லாத மனிதன், பாவம். அவன் ஒப்புக்குக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு மணி நேரம் ஓடிப்போனது.

“போதும் மேடம்,” என்று லீவன் வெடித்தான். “சட்டம் சட்டம்னு எங்க கழுத்தை ஏன் அறுக்கறீங்க? அந்த ரொட்டிக்கடைக்காரன் கொலையா பண்ணான்?”

“அட, என்னை யாருன்னு நெனச்சீங்க? நான் சோதனை போட வந்தவ இல்ல. சிறுவியாபாரிங்க சங்கத்துலேருந்து வரேன். சட்டம் மாறினது தெரியாம யாரும் மாட்டிக்கக் கூடாதேன்னுதான் கடை கடையா ஏறி இறங்கறேன்.” அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “உங்களுக்கு நல்ல சேதிதான். கூடப்பொறந்தவங்க வந்து கைகொடுத்தா இந்த மாசத்துலேருந்து பதியவே வேண்டாம். அது குத்தமே இல்ல. அண்ணன், தம்பி யாராவது இருந்தா தாராளமா கூப்பிட்டு வெச்சுக்கோங்க.”

நாற்காலி உருள, லீவன் பின்கட்டுக்கு ஓடினான். ஒன்றும் புரியாமல் ஹில்டேவும் பின்னாலேயே போனார். மீன் உறைய வைக்கும் அறையின் கதவை அவன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவுதான் அது. ஆனால், “நான் வந்து சொல்ற வரைக்கும் வெளிய வராதே” என்ற அண்ணன் சொல்லைத் தட்டாமல், மீன் கழுவி நனைந்த சட்டையோடு, பெட்டிகளுக்கு நடுவே விறைத்து உட்கார்ந்திருந்தான் தம்பி யோரிஸ்.