கழுத்தில் ஒரு ட்ரிம்மர்

முகத்துக்கு நேராகப் பறந்து வந்த ட்ரிம்மரை வீரணன் கையால் தட்டிவிட்டான். கிணற்று மேட்டில் அவன் காலடியிலேயே விழுந்தது.

எறிந்தவள் ஒச்சம்மாள். மோட்டார் பைப் அடைப்பை எடுக்கக் காலையில் இதே கிணற்றில் இறங்கிய அவள் புருஷன் பொன்னுச்சாமி இன்னும் மேலே வரவில்லை. இனி உயிரோடு வரமாட்டான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“நீயும் உள்ள கெடந்து செத்தா அவர யாரு தூக்குறது? எடுத்துக் கழுத்துல மாட்டு.”

நேற்றுவரை அண்ணே என்று கூப்பிட்ட வாய்.

வீரணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற விரல் நீளக் கத்தரி, பொம்பளைச் சாமான். அவன் இடுப்பில் இருந்ததோ, தன் கத்தி கையில் இல்லாததால் கறிக்கடையில் இரவல் வாங்கிய கத்தி, முழ நீளம். ஆனாலும் அவள் கண்ணைப் பார்த்து மறுக்கத் தைரியம் வரவில்லை. பச்சை நாடாவோடு எடுத்து மாட்டிக்கொண்டான்.

“வெரசா எறங்கப்பா” என்று எரிந்து விழுந்தார் சாயப்பட்டறை முதலாளி குமாரசாமி. தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டால், கிணற்றுக்குள் சாயக்கழிவு விட்ட கதை வீரபாண்டி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்கிற பயம் அவருக்கு.

பஞ்சர் கடை கம்ப்ரசரின் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினான்.

தண்ணீர் முதலில் நீலம், அப்புறம் கறுப்பு. அடியில் மோட்டார் பைப்பைச் சுற்றிப் பனியன் வேஸ்ட் துணி மண்டிக் கிடந்தது. கிட்டே போனதுமே கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

கத்தியை உருவி அறுத்தான். துணி அறுபடவில்லை, நீண்டது. பனியன் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். ஊறிப்போனால் கேட்கவே வேண்டாம். கத்தி வழுக்கிக் கையை விட்டுப் போனது. காற்றுக் குழாயும் வாயிலிருந்து நழுவியது.

கை தானாகக் கழுத்துக்குப் போனது.

ட்ரிம்மர் நறுக் நறுக்கென்று வெட்டியது. கால் விடுபட்டதும் குழாயைத் தேடிப் பிடித்து மூச்சை இழுத்தான். பொன்னுச்சாமியைச் சுற்றியிருந்த துணியையும் அதே ட்ரிம்மர்தான் வெட்டியது.

கயிற்றில் கட்டித் தூக்கி மேட்டில் கிடத்தினார்கள். ஒச்சம்மாள் அழவில்லை. வீரணன் கழுத்தில் கிடந்த பச்சை நாடாவைக் கொத்தாகப் பிடித்தாள்.

“காலையில இத அவரு கழுத்துல கட்டி அனுப்புனது நான். கழட்டி இந்த மேட்டுல வீசுனது யாரு?”



பொன்னுச்சாமியின் விறைத்த விரல்கள் ஒரு கத்தியை இறுக்கிப் பிடித்திருந்தன. அதன் பிடியில் வீரணனின் பெயர் இருந்தது. தண்ணீருக்கடியில் அதைப் பிடுங்க வீரணன் எவ்வளவோ முயன்று பார்த்தும் முடியவில்லை.