முப்பது வருட முதுகு

“தி... திருட்டு, ஃபாதர். முப்பது வருஷமா தேனீக்காரர் எனக்குச் சேர வேண்டியதைத் திருடி வெச்சிருக்கார்.”

கோபத்தில் நூலகருக்கு வார்த்தை முட்டியது. பழைய வாசல் பதிவேட்டை மடத்துத் தலைவரின் மேசையில் விரித்து வைத்தார். மடத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை எழுதப் பரணைக் கிளறியபோது அகப்பட்டது அது.

துறவியாகச் சேர வருகிறவர்கள் வாசலிலேயே பெயர் எழுத வேண்டும். ஒரே நாளில் இருவர் வந்தால், முதல் எண்காரரே சாகும்வரை மூத்தவர். வரிசையாக நடக்கையில், பந்தியில் அவருக்கே முதல் இடம். சாப்பாட்டு நேரத்தில் முறை வரும்போது தனியாக நின்று வாசிப்பவரும் அவரே. இந்த விதியைப் படித்துக் காட்டிய பிறகுதான் கதவைத் திறப்பார்கள்.

தேன்பெட்டிகளைக் கவனிக்கும் தேனீக்காரரும் நூலகரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். முதல் எண் தேனீக்காரருக்கு; அன்று முதல் நூலகர் பார்ப்பது அவர் முதுகைத்தான். சூப் ஆறிப்போய்த்தான் இவரிடம் வரும். போதாததற்கு, வயதில் ஒரு மாதம் சின்னவரான அந்த ஆள் இவரைக் கூப்பிடுவது “தம்பி” என்று. வயிறு எரியாதா?

“பாருங்க. மேல இருக்கிறது என் பேர். ஒண்ணுங்கிற எண்ணை அடிச்சு ரெண்டாக்கியிருக்கு. கையெழுத்து அவரோடது. முதல்ல எழுதினது நான்தானேன்னு அன்னிக்கே நினைச்சேன்; இப்பதான் ஆதாரம் கிடைச்சுது.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி, இன்னிக்கு மத்தியானம் நீங்களே முதல்ல போங்க. வாசிப்பும் உங்க முறைதான். பரவாயில்லையா?”

“தினம் ஏழு வேளை ஜெபம் பாடுறவன் ஃபாதர் நான்.”

உண்மைதான். கூட்டுப் பாட்டில் அவர் குரல் ஒருநாளும் தடுக்கியதில்லை.

மதியம், தேனீக்காரரின் முதுகைத் தாண்டி நடந்து, நிமிர்ந்த நெஞ்சோடு வாசிப்பு மேடை ஏறினார் நூலகர். முதல் வரி முடிந்தால்தான் மற்றவர்கள் கரண்டியைத் தொடலாம்.

“க... க... க...”

ஒரு கரண்டியும் அசையவில்லை. நூலகரின் கழுத்து நரம்பு புடைத்தது.

தேனீக்காரர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அதே வரியை மெல்லத் தொடங்கினார். இரண்டு குரலும் சேர்ந்ததும், வாசிப்பு மடை திறந்த மாதிரி ஓடியது.

வாசிப்பு முடிந்து புத்தகத்தை மூடும்போது தேனீக்காரர் காதோடு சொன்னார்:

“பஸ்ஸில நீ டிக்கெட் கேட்க வாய் வராமத் தவிச்சதைப் பார்த்தேன், தம்பி. அதான் வாசல்ல எண்ணை மாத்தி முந்திக்கிட்டேன்.”